பச்சைக்கு இரண்டு முடிச்சு

அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று தராசுக்காரரிடம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பால்காரர் சொன்னார், வங்கி வரிசையில் முன்னால் நின்ற முகம் தெரியாத மனிதர்கூடத் திரும்பி நின்று சொன்னார். பாரத்தைப் பற்றி அவருக்கா பாடம் எடுப்பது? முப்பத்தோரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, படிக்கல்லைக் கவிழ்த்து, அடியில் எவனாவது சுரண்டியிருக்கிறானா என்று விரலால் தடவிப் பார்த்து முத்திரை குத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. தராசுக்காரர் என்ற பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அழுகை வந்தால் அழமாட்டேன் என்றா சொல்கிறார்? வரவில்லை, அவ்வளவுதான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில், அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கும் அவர் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களிடம் மூன்றாவது படி வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றுதான் சொன்னார். பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. ஊசியின் வேகம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இது இறங்குவேனா என்றது.

வீடு மட்டும் பளிச்சென்று இருந்தது. துக்க வீட்டில் தூசி இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அலமாரி அலமாரியாகத் துடைத்தார். மசாலா டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். ஒரு மத்தியானம் தன் சாக்ஸ் இழுப்பறையைக் கட்டிலில் கவிழ்த்தார். அவருடைய சாக்ஸ் எல்லாவற்றிலும் மேல் விளிம்பின் உள்பக்கம் நூல் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு, சிலதில் மூன்று என்று கணக்கு வழக்கில்லாமல் இருக்கும். புது சாக்ஸ் வாங்கினாலும் இரண்டு நாளில் முடிச்சு வந்துவிடும். கிழியாத சாக்ஸையும் தைக்கிற ஒரே பொம்பளை நீதான் என்று மனைவியைக் கேலி செய்திருக்கிறார். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பழக்க தோஷத்தில் அவர் விரல், ஒரே மாதிரி உறுத்துகிற இரண்டைத் தேடி எடுக்கும். இப்போது என்ன உறுத்தல் வேண்டிக்கிடக்கிறது? நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினான்கு ஜோடியிலும் ஒரு முடிச்சு விடாமல் நறுக்கித் தள்ளினார். மத்தியானம் ஒழிந்தது.

அடுத்த வாரம் வெளியூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவர் காலைத் தூக்கி மோடாவில் வைத்திருந்தார். மகள் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு காலில் பச்சையும் ஒரு காலில் காப்பிக்கலருமாகப் போட்டிருக்கிறீர்களே அப்பா என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவசரத்தில் எடுத்ததும்மா என்று சமாளித்தார். அப்பா தன்னைக் கவனித்துக்கொள்வதையே விட்டுவிட்டார் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டு அன்றிரவு கணவனிடம் அழுதாளாம். அவருக்கு வரவேண்டிய அழுகையெல்லாம் இப்படி வழிமாறி மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அது முடிந்தால் போதும் என்று இருந்தார். அது என்ன வேலை என்று சொல்ல வேண்டுமானால் நீதிபதி வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூறு வருடத்துக்கு முன் ஒரு நீதிபதி கட்டிய வீடு அது. இப்போது காட்சியகம். உள்ளே அவர் நாற்காலி, அவர் மைக்கூடு, அவர் சாய்ந்து படுத்த கட்டில் எல்லாம் கயிறு கட்டிக் காவல் காக்கப்படுகின்றன. வெளியே தோட்டத்துக்குக் காவல் தொண்டர்கள்தான். ஆளுக்கு ஒரு கிழமை. நீதிபதியின் மனைவி ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். எந்த மாதம் எதை நட்டாள், எது காய்த்தது, எதைப் பூச்சி தின்றது எல்லாம் அதில் உண்டு. அந்தக் குறிப்பேட்டில் இருக்கிற செடிதான் தோட்டத்தில் இருக்கலாம். இல்லாத செடி ஒன்றே ஒன்று தலைகாட்டினாலும் பட்டியலம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நூலகராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். தொண்டர்களுக்கெல்லாம் தலைவி. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் விலை உயர்ந்த ரோஜாச் செடி கொண்டுவந்து கொடுத்தபோது, பட்டியலில் இல்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். குருவி எச்சமிட்டு முளைத்த செடியைக்கூட விசாரணை இல்லாமல் விடமாட்டாள்.

தராசுக்காரரின் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் பொறுப்பில் இருந்தது வேலியோரத்து அவரை. குறிப்பேட்டில் அதற்கு மூன்று வரி: "சமையற்காரி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை. ஊதாப் பூ. விதை கறுப்பு, முதுகில் வெள்ளைக் கோடு." சமையற்காரியின் பெயரை எழுத வேண்டும் என்று நீதிபதி மனைவிக்குத் தோன்றவில்லை. ஆகவே அதற்குச் சமையற்காரி அவரை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த விதை வேறு எங்காவது இருக்கிறதா என்று பட்டியலம்மா பத்துப் பதினைந்து இடத்துக்குக் கடிதம் போட்டுப் பார்த்தாள். எங்கும் இல்லை.

போன மழையில் விதை அறைக் கூரை ஒழுகி டப்பாக்களில் பூஞ்சை பிடித்தது. அவரையில் தப்பியது ஒரே ஒரு பொட்டலம், அதுவும் மனைவியின் கைப்பையில் மறந்து கிடந்ததால். அந்தப் பொட்டலம் முழுவதையும் அவள் ஊன்றினாள். இருபத்திரண்டு முளைத்தன. முளைத்ததைப் பார்த்துவிட்டு வந்து இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எட்டாம் நாள் அவள் இல்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தோட்டத்து அட்டவணை ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கு எதிரே அவள் பெயர். அதை எடுத்துவிடுங்கள் என்று பட்டியலம்மாவுக்குச் சொல்லத்தான் தராசுக்காரர் அந்தச் செவ்வாய் போனார். போன இடத்தில் அவரைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஊற்றினார். அடுத்த செவ்வாயும் போனார். அவள் நட்டதைக் காய்க்க வைத்து, விதை எடுத்து, பட்டியலம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அட்டவணையில் யார் பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன? இந்த ஒன்றை மட்டும் அவளுக்காகச் செய்து முடித்துவிடுவது என்று வைத்திருந்தார்.

இனி அவர் யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. இருபது வயதில் ரயில்வே வேலைக்கு எழுதி, தேறி, மருத்துவப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டார். அங்கே புள்ளி புள்ளியாக ஓர் அட்டையைக் காட்டி இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண்ணா? அவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. பச்சையும் சிவப்பும் உன் கண்ணுக்கு ஒன்றுதான் தம்பி, உன்னை நம்பி ரயில் ஓட முடியாது என்று டாக்டர் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமான முதல் மாதம் மனைவியிடம் மட்டும் சொன்னார். சொன்ன கையோடு, இனிமேல் இதைப் பற்றி நம் வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. மகளுக்குக்கூடத் தெரியாது. தக்காளி வாங்கும்போது அமுக்கிப் பார்ப்பார். சாலை விளக்கு மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். சட்டை வாங்குவது அவள் வேலை. இப்படியே காலம் ஓடிவிட்டதால், தனக்கு ஒரு குறை இருக்கிறது என்பதே அவருக்குப் பாதி மறந்துவிட்டது.

சமையற்காரி அவரைக்கு ஒரு தொல்லை உண்டு. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளைப் பூ அவரை போட்டிருந்தார்கள். தேனீக்குப் பட்டியல் ஏது? இங்கும் அங்கும் போய்ச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வருடமும் நாலைந்து கொடி கலப்பாக, வெள்ளைப் பூவோடு வந்து நிற்கும். பூக்கும்போதே எந்தக் கொடி நல்லது, எது கலப்பு என்று பார்த்து நூல் கட்டிவிடுவார்கள். ஆனால் உடனே பிடுங்கமாட்டார்கள். பார்வையாளர் வரும் பருவம் முடியும் வரை வேலி நிறைவாக இருக்க வேண்டும் என்பது காட்சியகத்தின் கண்டிப்பு. பருவம் முடிந்து, காய் பழுக்கத் தொடங்கியதும், விதைக்கூடையில் கலந்துவிடாமல் கலப்புக் கொடிகளை மட்டும் பிடுங்கி எறிவார்கள்.

அந்தப் பிடுங்குகிற நாளுக்கு ஏழு வருடமாக மனைவி தராசுக்காரரையும் கூட்டிப் போவாள். முதல் வருடமே வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"என்னங்க, தண்டுல நூல் இருக்கும். தொட்டுப் பாருங்க. ரெண்டு முடிச்சு இருந்தா விட்டுடுங்க. ஒண்ணுதான் இருந்துச்சுன்னா பிடுங்கிடுங்க."

நல்ல விதி என்று அவருக்குத் தோன்றியது. ஏமாற்ற முடியாத விதி. படிக்கல்லைத் தடவிய விரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நூலைப் பார்க்கக்கூட மாட்டார். தொடுவார், பிடுங்குவார் அல்லது விடுவார்.

இந்த வருடம் பூத்த சமயத்தில் அவளுக்குப் பதிலாக நூல் கட்டியவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர். கைராசிக்காரர், எதையும் சுத்தமாகச் செய்வார். பருவம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை பட்டியலம்மாவிடமிருந்து செய்தி வந்தது. இன்றைக்கு அவரையில் பிடுங்குகிற வேலை, நூலைப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள் சார், நான் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அவருக்குத்தான் ஏழு வருடப் பழக்கம் ஆயிற்றே, அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது?

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். முதல் கொடியின் தண்டில் விரலை வைத்தார். ஒரு முடிச்சு. கழியிலிருந்து கொடியைப் பிரித்து, அடித்தண்டைப் பிடித்து இழுத்தார். ஈர மண்ணோடு வேர் வந்தது. இரண்டாவதும் ஒன்று. மூன்றாவதும் ஒன்று. காய்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. பாதி பழுத்து மெலிந்திருந்தன, பாதி இன்னும் சதைப்பற்றோடு இருந்தன. இழுக்கும்போது ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன.

எட்டாவது கொடியில் ஒரு நிமிடம் நின்றார். மற்ற வருடங்களில் ஐந்தைத் தாண்டியதில்லை என்பது நினைவு வந்தது. திரும்ப ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்றுதான். அப்படியென்றால் இந்த வருடம் எல்லாமே கெட்டுவிட்டது என்று அர்த்தம். வேறொரு சமயமாக இருந்தால் பதறியிருப்பார். இப்போது அதை நம்ப அவருக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை. எல்லாம் போய்விட்டது என்றால் சரி, போய்விட்டது. அவள் போகும்போது அவரைக்கொடி மட்டும் எதற்கு நிற்க வேண்டும்? ஒன்பதாவதைப் பிடுங்கினார். பத்தாவதைப் பிடுங்கினார். மனம் என்று ஒன்று அங்கே வேலை செய்யவே இல்லை. இருபத்திரண்டாவதையும் பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு, உதிர்ந்த இலையைக் கூட்டிப் பெருக்கினார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குப் பட்டியலம்மா தேநீர்க் குடுவையோடு வந்தாள். வேலியைப் பார்த்தாள். வெறும் கழிகள் இருபத்திரண்டு நின்றன. குடுவையைக் கீழே வைக்க இடம் தேடுகிறவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள். பிறகு தரையிலேயே வைத்தாள். அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

"சார், சிவப்பைத்தானே பிடுங்கணும்? பச்சையையும் சேத்து ஏன் சார் பிடுங்கினீங்க?"

அவருக்குப் புரியவில்லை. எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை? நூல் இரண்டு நிறத்தில் இருக்கிறது என்பதே ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் காதில் விழுகிறது. அவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மங்கல் நூல்.

"எல்லாத்துலயும் ஒரு முடிச்சுதானம்மா இருந்துச்சு," என்றார்.

"முடிச்சா?"

"ஒரு முடிச்சுன்னா பிடுங்கறது. ரெண்டுன்னா விடறது. அதானே விதி?"

பட்டியலம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பாவம், மனைவி போன ஏக்கத்தில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே சார். முடிச்சைப் பத்தி இங்க ஒரு விதியும் கிடையாது. பச்சை நூல்னா விடு, சிவப்பு நூல்னா பிடுங்கு. ரோட்டு விளக்கு மாதிரி. பன்னண்டு வருஷமா இதுதான். விதி போட்டவளே நான்தான்."

விதி என்றால் அது அவருக்கு உயிர். இல்லாத விதியை அவர் எங்கிருந்து கற்றார்? அவளுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். கொட்டகைக்குள் போய், அலமாரி மேல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். மனைவியின் டப்பா. எதையும் தூக்கிப் போடாதவள், ஒவ்வொரு வருடமும் விதை எடுத்த பிறகு வெட்டியெடுத்த நூலையெல்லாம் அதில் போட்டு வைத்திருந்தாள். பட்டியலம்மா ஒரு கைப்பிடி அள்ளிப் பெஞ்சில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"அட, ஆமா. பச்சையெல்லாம் ரெண்டு முடிச்சு. சிவப்பெல்லாம் ஒண்ணு." இன்னொரு கைப்பிடி அள்ளினாள். "ஒண்ணுகூட மாறலை சார். அக்கா எதுக்கு இப்படிப் பண்ணாங்க? நெறத்தைப் பாத்தாலே தெரியுமே?"

தராசுக்காரர் ஒரு நூலை எடுத்தார். இரண்டு முடிச்சு. இன்னொன்றை எடுத்தார். இரண்டு. அது யாருக்காகப் போட்ட முடிச்சு என்பது அவர் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும், தெரியலைம்மா என்றார்.

பட்டியலம்மாவுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. குவியலில் கைவிட்டு ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்தாள். விதை உள்ளே உருவாகியிருந்தது, கறுக்க ஆரம்பித்திருந்தது. கொடியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், தண்டில் இருக்கிற சத்தைக் குடித்துப் பாதிக் காயாவது தேறும், ஆனால் வாடுவதற்குள் கட்டியாக வேண்டும் என்றாள். வண்டிக் கொட்டகையின் உத்தரத்தில் கயிறு கட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில் திரும்பி, நூல் இன்னும் தண்டிலேயே இருப்பது நல்லதாகப் போயிற்று, நீங்கள் பச்சையை இந்தப் பக்கமும் சிவப்பை அந்தப் பக்கமும் பிரித்துப் போடுங்கள், கலந்துவிட்டால் அவ்வளவுதான், கலப்பு விதையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், பிறகு எது சமையற்காரி அவரை என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

அவர் குவியலின் முன்னால் நின்றார். ஒரு கொடியை எடுத்தார். நூலைப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் தெரியாதது அது. ஏதோ ஒரு பக்கம் போட்டுவிடலாம். இருபத்திரண்டில் மிஞ்சிப்போனால் ஐந்து பேர்தான் அந்நியர், குத்துமதிப்பாகப் போட்டாலும் பாதிக்கு மேல் சரியாகத்தான் விழும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அடுத்த வருடம் வெள்ளைப் பூ கூடுதலாகப் பூத்தால் தேனீ மேல் பழியைப் போடலாம். அவர் மானம் அவரிடமே இருக்கும். ஈயம் பதித்த படிக்கல்லை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்த கடைக்காரர்களை அவருக்குத் தெரியும். அவர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

கொடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போனார். பட்டியலம்மா ஏணி மேல் நின்றிருந்தாள்.

"என்னால பிரிக்க முடியாதும்மா. எனக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. பொறந்ததுலேருந்தே தெரியாது."

முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் வெளியே வந்தது. பட்டியலம்மா சிரிக்கவில்லை. ஏணியிலிருந்து மெல்ல இறங்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கால்களைப் பார்த்தாள். பூட்ஸ் இல்லாத கால்களில் ஒன்றில் ஒரு நிறமும் மற்றதில் ஒரு நிறமும். இத்தனை நாளாகத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிய சாக்ஸ்.

"அப்ப அந்த முடிச்சு..." என்று ஆரம்பித்தவள், அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நான் பிரிக்கறேன். நீங்க ஏணியைப் பிடிங்க சார்," என்றாள்.

அவரைக்கு என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலை எதற்கு? பதினேழு கொடி உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கின. பழுத்திருந்த காய்கள் மூன்று வாரத்தில் காய்ந்தன, சதைப்பற்றோடு இருந்தவை சுருங்கிப் பதராயின. உரித்துப் பார்த்ததில் முதுகில் வெள்ளைக் கோட்டோடு ஒரு டம்ளர் கொள்ளும் விதை தேறியது. இரண்டு வேலிக்குப் போதும். பல் டாக்டருக்குத் தகவல் போனபோது, முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து முடிச்சுகூடப் போட்டிருப்பேனே என்று வருத்தப்பட்டாராம். முதலிலேயே சொல்வதற்குத்தானே தராசுக்காரருக்கு வாய் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது சாயங்காலம் ஐந்து மணி. வெயில் இன்னும் கூடத்தில் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். கழற்றும்போது விரல் பழக்கத்தில் உள்விளிம்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. நகவெட்டி விட்டுவைத்த நூலின் நுனி மட்டும் புள்ளியாகத் தட்டுப்பட்டது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

எழுந்து போய் இழுப்பறையை உருவிக் கட்டிலில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவினார். எல்லாம் வழவழவென்று இருந்தன. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறார். இந்த முடிச்சுகள் எப்போது வர ஆரம்பித்தன என்று யோசித்தார். கல்யாணமான முதல் வருடம், அவள் தன் அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தாளே, அதற்குச் சற்று முன்னால். அந்த ஒரு மாதமும் அவர் தனியாக இருந்து, தானே எடுத்து மாட்டிக்கொண்டு அலுவலகம் போனார். ஒரு நாள்கூட யாரும் அவர் காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார். பேசக் கூடாது என்று அவர் சொன்னார். அவள் பேசவில்லை. ஊசியை எடுத்து முடிச்சுப் போட்டாள். சாக்ஸ் சாக்ஸாக முப்பத்தெட்டு வருடம் போட்டாள். உன் தையல் லட்சணம் என்று அவர் சொன்னபோது, சிரித்துக்கொண்டு அந்தப் பழியையும் வாங்கிக்கொண்டாள்.

அதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் நகவெட்டியால் நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.

அப்போதுதான் வந்தது. பால்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் நான்கு மாதமாக எதிர்பார்த்தது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்தது. கட்டிலில் சாக்ஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதார். பாரம் குறையவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் பொய். பாரம் எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்தது.

வெயில் கூடத்தை விட்டுப் போனதும் முகத்தைக் கழுவிவிட்டு மனைவியின் தையல் பெட்டியைத் தேடி எடுத்தார். ஊசியில் நூல் கோத்தார். கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டார். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அவள் என்னப்பா, என்னப்பா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு சாக்ஸைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன கலர்னு சொல்லும்மா."

மகள் விழித்தாள். பச்சை என்றாள். எதற்கு என்று கேட்டாள். அவர் விளிம்பைத் திருப்பி ஒரு முடிச்சுப் போட்டார். பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். பல்லால் நூலைக் கடித்துவிட்டு அடுத்ததைத் தூக்கிக் காட்டினார்.

"அது காப்பிக்கலர்ப்பா. ஏன்பா, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாதும்மா. எப்பவுமே தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும்." ஊசி கையிலேயே நின்றது. "பச்சைக்கு ரெண்டு முடிச்சு, அது நிச்சயம். காப்பிக்கு எத்தனை போட்டாள்னு அவளைத்தான் கேக்கணும்."

அவர் காப்பிக்கலர் சாக்ஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கிக் காட்டினார்.